பாதி வேகத்தில் வரும் ரிஃப், முழு வேகத்தில் ஏன் சிக்குகிறது?

கேள்வி: இரண்டு வருடமாக இணையப் பாடங்களைப் பார்த்து எலக்ட்ரிக் கிட்டார் பழகுகிறேன். கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் பிடி) பிடித்து வாசிக்கும் பாட்டுகள் எளிதாக வருகின்றன. ராக் பாட்டுகளின் கடினமான ரிஃப்களில்தான், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துண்டுகளில்தான், மாட்டிக்கொள்கிறேன். வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் கூடவே வாசிக்க முடிகிறது. முழு வேகத்தில் மூன்றாவது சுற்றிலேயே கை தடுமாறி, முன்கை இறுகிவிடுகிறது. ஒரே ரிஃபுக்கு நான்கு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்த்துவிட்டேன். எதைத் தவறவிடுகிறேன்?

பதில்: பாதி வேகத்தில் வருகிறது என்றால், எந்த ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகக் கட்டைகளால் பிரிந்த கட்டத்தில்) எந்த விரல் என்பது உங்கள் இடது கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த வேலை முடிந்தது. ஐந்தாவது பாடத்தைத் தேடாதீர்கள். சிக்கல் பெரும்பாலும் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடித்திருக்கும் வலது கையில் இருக்கிறது. (இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் கைகளை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

இணையப் பாடங்களில் ஃப்ரெட் எண்களைச் சொல்வது சுலபம், அதனால் கேமராவும் அங்கேயே நிற்கிறது. பிக் எந்தச் சுரத்துக்குக் கீழ்நோக்கிப் போகிறது, எதற்கு மேல்நோக்கி வருகிறது என்று பல பாடங்களில் ஒரு வார்த்தைகூட இருக்காது. மெதுவாக வாசிக்கும்போது எப்படி அடித்தாலும் சமாளித்துவிடலாம், நேரம் இருக்கிறது. வேகம் கூடியதும் அந்த நேரம் போய்விடும். மெதுவாக நீங்கள் பழகியது ஓர் அசைவு, வேகத்தில் தேவைப்படுவது வேறோர் அசைவு. அதனால்தான் எத்தனை நாள் மெதுவாக வாசித்தாலும் பலன் தெரியவில்லை.

ஓர் உதாரணம். கன்ஸ் அன் ரோசஸ் என்ற ராக் குழு 1987-இல் வெளியிட்ட ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ பாட்டின் தொடக்க ரிஃப், எட்டுச் சுரம் கொண்ட ஒரு வட்டம். தந்தி வரிசை 4, 2, 3, 3, 1, 3, 1, 3 (மிக மெல்லிய தந்திதான் 1). வட்டம் திரும்ப வரும்போது முதல் சுரம் மட்டும் மாறும், மற்ற ஏழும் அப்படியே இருக்கும். இடது கைக்கு இது பெரிய பாரமே இல்லை. நொடிக்கு ஏறத்தாழ நான்கு சுரம்தான், அசுர வேகமும் இல்லை. ஆனாலும் பலர் இதில் விழுகிறார்கள். கீழ், மேல், கீழ், மேல் என்று மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள், காரணம் புரியும். 1-ஆம் தந்தியைக் கீழ்நோக்கி அடித்த பிக், 2-ஆம் தந்தியைத் தொடாமல் தாண்டி வந்து 3-ஆம் தந்தியை மேல்நோக்கி அடிக்க வேண்டும். ஒரு வட்டத்தில் இந்தத் தாவல் இரண்டு முறை. ரிஃபின் கஷ்டம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, உங்கள் ரிஃபை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுரத்துக்கும் மேல் அல்லது கீழ் என்று காகிதத்தில் குறியுங்கள். அப்புறம் இடது கையை அழுத்தாமல் தந்திகள்மேல் லேசாகப் படியவைத்து, சத்தம் அடங்கிய தந்திகளில் வலது கையை மட்டும் ஓட்டுங்கள். ‘டக் டக்’ என்றுதான் கேட்கும். வாயால் தகதிமி, தகதிமி என்று சொல்லிக்கொண்டே அடித்தால் எந்த இடத்தில் தாளம் நொண்டுகிறது என்று உடனே தெரியும். அந்த இடம்தான் உங்கள் பாடம்.

எல்லா ரிஃபும் மேல்-கீழ் என்று வாசிப்பதற்கில்லை. மெட்டாலிகா குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986) பாட்டில் அதன் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் முக்கிய ரிஃபை முழுக்க டவுன் ஸ்ட்ரோக்கிலேயே, அதாவது கீழ்நோக்கிய அடியிலேயே, வாசிக்கிறார். நிமிடத்துக்கு 210-க்கும் மேற்பட்ட பீட், ஒரு பீட்டுக்கு இரண்டு அடி. கணக்குப் போட்டால் நொடிக்கு ஏழு அடி வரும். மேல்-கீழ் என்று மாற்றினால் கை தப்பிக்கும், ஆனால் அந்த இடி போன்ற சமமான அழுத்தம் கிடைக்காது. இப்படிப்பட்ட ரிஃப்தான் உங்களுடையது என்றால் அதற்குப் பல மாத உழைப்பு வேண்டும். முதலில் மேல்-கீழ் அடித்து வாசித்து மகிழ்வதில் தவறே இல்லை.

சரி, வேகத்தை எப்படிக் கூட்டுவது? மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவியில்) நிமிடத்துக்கு ஐந்து ஐந்து பீட்டாக ஏறுவது ஒரு கட்டம் வரை உதவும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி நிற்கிறீர்கள். இனி முழு வேகத்தில், ஆனால் மிகச் சின்னத் துண்டாக வாசியுங்கள். நான்கு சுரம், அடுத்த பீட்டின் முதல் சுரத்தில் இறங்கி நிறுத்துங்கள். கையை உதறித் தளர்த்திவிட்டு மறுபடியும். அந்த ஐந்தாவது சுரம் வரை போவது முக்கியம், ஏனென்றால் துண்டும் துண்டும் சேரும் இடத்தில்தான் ரிஃப் உடையும். நான்கு சுத்தமாக வந்தால் எட்டு, அப்புறம் ஒரு முழுச் சுற்று. முழு வேகத்தில் கை என்ன செய்ய வேண்டும் என்பதை முழு வேகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். பிக்கின் நுனி மட்டும் தந்தியைத் தொடட்டும். ஆழமாக இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் மாட்டி இழுக்கும், முன்கை இறுகுவதற்கு அதுவே பெரிய காரணம்.

டிஸ்டார்ஷன், அதாவது எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு, பற்றியும் சொல்ல வேண்டும். அது சுரங்களின் ஏற்றத்தாழ்வை மூடி மறைக்கும், அதனால் முதலில் அதை அணைத்துவிட்டு வாசியுங்கள். பிறகு கட்டாயம் போட்டும் வாசியுங்கள். நீங்கள் அடிக்காத தந்திகளின் இரைச்சல் அப்போதுதான் வெளியே வரும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) அருகே வைத்தால் தடித்த தந்திகள் அடங்கும், மெல்லிய தந்திகளை இடது கையின் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து அடக்கலாம். இரண்டு விதத்திலும் வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாதது பதிவில் விழும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். மேலே சொன்ன ஸ்வீட் சைல்ட் பாட்டில் கிட்டார் அரைச் சுரம் இறக்கி ட்யூன் செய்யப்பட்டிருக்கிறது. இது தெரியாமல் கூடவே வாசித்தால் சரியாக வாசித்தும் தவறாகவே கேட்கும். உங்கள் ரிஃபுக்கும் ட்யூனிங்கை முதலில் பாருங்கள். அடுத்தது, இணையத்தில் கிடைக்கும் டேப்களை (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எண்களால் எழுதிய குறிப்புகளை) அப்படியே நம்ப வேண்டாம். ஒரே சுரத்தைக் கிட்டாரில் பல இடங்களில் வாசிக்கலாம் என்பதால், சுரம் சரியாக இருந்தும் இடம் தவறாக எழுதியிருப்பார்கள். அந்தக் கலைஞர் மேடையில் வாசிக்கும் காணொளியில் அவர் இடது கை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

முன்கை இறுக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். களைப்பு என்றால் இரண்டு நிமிடம் ஓய்வெடுத்துத் தொடரலாம். சுரீரென்ற வலியோ விரல்களில் மரத்துப்போன உணர்வோ இருந்தால் அன்றைக்கு கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். மறுநாளும் அது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடக் காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் கைக்கும் நல்லது, ரிஃபும் சீக்கிரம் வந்து சேரும்.