பழைய காரை வீட்டிலேயே மின்சாரக் காராக மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: இன்ஜின் போன சின்ன கார் ஒன்று சும்மா நிற்கிறது. எந்த மோட்டார் வாங்கலாம் அண்ணா?

மோட்டாரைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் காரைத் தூக்கி அடியில் பாருங்கள். தரைத்தகடும் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களும் துருவில் உதிர்ந்தால் அந்த கார் வேண்டாம். நன்றாக இருந்தால் எடைமேடைக்குக் கொண்டுபோய், முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் கழற்றிய பின் மறுபடி எடை போடுங்கள். குறைந்த அந்த எடைதான் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் உங்கள் கையிருப்பு. தயாரிப்பாளர் குறித்திருக்கும் அதிகபட்ச மொத்த எடையைத் தாண்டினால் பிரேக், ஸ்பிரிங், டயர் எதுவுமே அதற்குச் செய்யப்பட்டதல்ல. பதிவு, இன்சூரன்ஸ் விதிகளையும் முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டர் போகுமா?

சின்ன கார் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 150 வாட் மணி கேட்கும். 200 கிலோமீட்டருக்கு 30 கிலோவாட் மணி. பேட்டரியை ஒட்ட வழிக்காமல் 80 சதவீதம் மட்டும் பயன்படுத்துவதென்றால் 37 கிலோவாட் மணிக்கு மேல் வேண்டும். முதல் தலைமுறை நிஸான் லீஃப் காரின் 24 கிலோவாட் மணி பேட்டரியே கிட்டத்தட்ட 300 கிலோ இருக்கும். அது புதிதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சுமார் 125 கிலோமீட்டர்தான். பழைய பேட்டரி என்றால் இன்னும் குறையும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் 200-க்கு ஆசைப்பட்டு காரைச் சுமையில் அமுக்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கேள்வி: லெட் ஆசிட் பேட்டரி போட்டால் மலிவாக முடியுமே?

வேண்டாம். கிலோவுக்கு 30, 40 வாட் மணிதான் தேறும். அதிலும் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும்.

கேள்வி: நான் மாணவன். ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து கழற்றிய சீரீஸ் டி.சி. மோட்டார் கிடைத்திருக்கிறது. போடலாமா?

போடலாம் தம்பி. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் எளிது, கீழ்வேகத்தில் இழுவை அருமை. ஒன்றை மட்டும் மறக்காதே: சீரீஸ் மோட்டாருக்குச் சுமை இல்லாமல் முழு வோல்டேஜ் கொடுத்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சிதறும். சோதிக்க 12 வோல்ட் போதும், அதுவும் மோட்டாரை இறுக்கிக் கட்டிவிட்டு. ஓட்டும்போது கிளட்சை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் இதே ஆபத்துதான். அதனால் வேக சென்சாரும் கன்ட்ரோலரில் வேக வரம்பும் கட்டாயம்.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்பப் பெறுவது இதில் சுலபமல்ல. அது வேண்டுமென்றால் ஏ.சி. மோட்டாரை, பேட்டரியின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் அதற்குரிய இன்வெர்ட்டரோடு சேர்த்து வாங்க வேண்டும். எதுவானாலும் கியர்பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் தகட்டை நல்ல லேத் பட்டறையில் கொடு. ஷாஃப்ட் மையம் சற்றே விலகினாலும் பேரிங் தேய்ந்துவிடும்.

கேள்வி: பேட்டரியை கன்ட்ரோலரோடு இணைத்ததும் பெரிய பொறி பறந்தது. மெயின் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. ஏன்?

கன்ட்ரோலருக்குள் பெரிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. காலியான கெபாசிட்டர், இணைத்த கணத்தில் ஷார்ட் சர்க்யூட் மாதிரி கரண்டை உறிஞ்சும். அந்தச் சூட்டில் கான்டாக்டரின் முனைகள் பற்றவைத்ததுபோல ஒட்டிவிட்டன. முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரப்பிவிட்டுத்தான் மெயின் கான்டாக்டர் மூட வேண்டும். இதைத்தான் ப்ரீசார்ஜ் என்கிறோம். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்கு 100 ஓம் ரெசிஸ்டர் என்றால் அரை நொடியில் 99 சதவீதம் நிரம்பும்.

ஒட்டிப்போன கான்டாக்டர் என்றால் ஆபத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க வழியில்லை என்று பொருள். அதனால் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலும் கான்டாக்டர் வையுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே டி.சி.க்கென்று செய்த ஃபியூஸ் வேண்டும். ஏ.சி. கரண்ட் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் துண்டிக்கும்போது எழும் மின்வில் (ஆர்க்) அணைய வாய்ப்புண்டு. டி.சி. அப்படித் தொடாது, மின்வில் எரிந்துகொண்டே இருக்கும். வீட்டு ஃபியூஸ் இங்கே உதவாது.

பேட்டரியின் எந்த முனையும் கார் பாடியைத் தொடக்கூடாது. மோதினால் கான்டாக்டரைத் திறக்கும் இனர்ஷியா சுவிட்சும், கையால் பிடுங்கும் துண்டிப்பானும் வையுங்கள். பேட்டரியைப் பிரித்த பின்பும் கெபாசிட்டரில் வோல்டேஜ் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். இந்த வேலை பழக்கமில்லை என்றால் பழகியவர் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: மாற்றிய பிறகு பிரேக் கல் மாதிரி இருக்கிறது ஐயா.

பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்தான் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு பலம். இன்ஜின் போனதும் அதுவும் போயிற்று. மின்சார வேக்யூம் பம்பும், சில மிதிகளுக்குத் தாங்கும் சேமிப்புக் கலனும், வெற்றிடம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் பொருத்துங்கள். அதுவரை காரை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஆல்டர்னேட்டர் இல்லையே, ஹெட்லைட்டுக்கு?

பெரிய பேட்டரியின் வோல்டேஜை 12 வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தரும் டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர். ஆனால் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு. முதல் ஓட்டம் போகலாமா?

பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். கருவி ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சரியாகக் காட்டுகிறதா பாருங்கள். ஓட்டும் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, லேசாக மட்டும் சுழலவிட்டு, அவசரத் துண்டிப்பை அழுத்துங்கள். கான்டாக்டர் உடனே திறக்க வேண்டும். பிறகு மறுபடி எடைமேடை, இரண்டு அச்சுகளுக்கும். அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.