சுகர், முட்டி வலி ரெண்டும் இருக்கு, அரிட்டாபட்டி மலை ஏறலாமா டாக்டர்?

கேள்வி: வயசு 56, மதுரை. 8 வருஷமா சுகர், கூடவே பிபி. காலைல மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, பிபிக்கு டெல்மிசார்டன். படி இறங்கும்போது வலது முட்டி வலிக்கும். பொங்கல் லீவுக்கு பேரப்பிள்ளைங்க வர்றாங்க, எல்லாரும் அரிட்டாபட்டி போய் குடைவரைக் கோயில், சமணர் படுகைலாம் பாக்கலாம்னு பிளான். நானும் ஏறலாமா, இல்ல வண்டியிலயே உக்காந்துக்கவா?

பதில்: தாராளமா ஏறுங்கம்மா. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமா அறிவிச்ச இடம், மதுரைல இருந்துட்டு பாக்காம விட்டா எப்படி. பெரிய ஏத்தமும் இல்ல, ஆனா மொட்டப் பாறை, நிழல் கம்மி. நீங்க முட்டிய பத்தி கேட்டிருக்கீங்க, எனக்கு கவலை உங்க பாதத்த பத்திதான்.

ஏன்னா கோயில்னதும் செருப்ப கீழயே கழட்டி போட்டுட்டு நடப்போம், பாறை 11 மணிக்கெல்லாம் தோசைக்கல்லு மாதிரி காஞ்சு கிடக்கும், மத்தவங்க ஐயோ சுடுதுன்னு குதிச்சு ஓடிருவாங்க, சுகர்ல உணர்ச்சி கொறஞ்ச காலுக்கு அது தெரியாது, நிதானமா நடந்து வந்து ராத்திரி பாத்தா உள்ளங்கால் முழுக்க கொப்புளம், அது ஆறாம புண்ணாகி வர்றவங்கள நெறைய பாக்குறேன். அதனால இன்னிக்கே ஒரு டெஸ்ட் பண்ணிருங்க. கண்ண மூடிட்டு படுத்துக்கோங்க, ரெண்டு கால்லயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிய வீட்டுல ஒருத்தர் விரலால லேசா தொடட்டும், அழுத்தக்கூடாது, தொடும்போது எந்த காலுன்னு நீங்க சொல்லணும். 6 எடத்துல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா உணர்ச்சி கொறஞ்சிருக்குன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட காலை காட்டாம கெளம்பாதீங்க. டெஸ்ட் நல்லா வந்தாலும் சன்னதி வாசல் வரைக்கும் ஷூவோட போங்க, அங்க கழட்டினாலும் தடிமனான காட்டன் சாக்ஸ் கால்லயே இருக்கட்டும், சாமி ஒன்னும் கோச்சுக்காது. ஷூ புதுசா வாங்குறதா இருந்தா இப்பவே வாங்கி வீட்டுல போட்டு பழகணும், அன்னிக்கு காலைல டப்பாவ பிரிக்கக்கூடாது. அடி வழவழன்னு தேஞ்ச ஷூ பாறைக்கு ஆகவே ஆகாது.

முட்டிக்கு வருவோம். ஏறும்போது மூச்சு வாங்கும், முட்டி சிப்பிக்கு பாரம் விழறது இறங்கும்போதுதான். தொடை முன்பக்க தசை பலமா இருந்தா அந்த பாரத்த அது வாங்கிக்கும், அதனால இப்ப இருந்தே தினமும் நாற்காலில கைய ஊணாம 10 தடவ உக்காந்து எந்திரிங்க, வலி வந்தா நிறுத்திக்கலாம். ஒரு குச்சி எடுத்துக்கோங்க, வலது முட்டி வலின்னா குச்சி இடது கைல இருக்கணும், நெறைய பேரு வலிக்கிற பக்கமே பிடிக்கிறாங்க. இறங்கும்போது குச்சி முதல்ல, அப்புறம் வலது கால், அப்புறம் இடது. முன்னெச்சரிக்கைன்னு சொல்லி மெடிக்கல் ஷாப்ல டைக்ளோபெனாக்னு வலி மாத்திரை வாங்கி போட்டுட்டு மட்டும் ஏறிராதீங்க, டெல்மிசார்டனோட அதுவும் சேந்து, வெயில்ல தண்ணி சத்தும் கொறஞ்சா கிட்னிக்கு ஆபத்து.

அடுத்து அந்த கிளிமிபிரைடு. மெட்பார்மின் மட்டும்னா லோ சுகர் வர்றது அபூர்வம், இது அப்படி இல்ல. மாத்திரைய போட்டுட்டு மேல போய் சாப்பிட்டுக்கலாம்னு கெளம்புறதுதான் தப்பு, இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுட்டு ஏறுங்க. ஏறுறதுக்கு முன்னாடி மீட்டர்ல பாருங்க, 100க்கு கீழ இருந்தா ரெண்டு பிஸ்கட்டோ ஒரு பழமோ சாப்பிட்டுக்கோங்க. வேர்வை வெயில்லயும் வரும் லோ சுகர்லயும் வரும், ஆனா கூடவே கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசின்னா அங்கயே உக்காந்து 3 டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணில கலந்து குடிச்சிட்டு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, 70க்கு கீழயே இருந்தா இன்னொரு தடவ குடிங்க. குளுக்கோஸ் உங்க பைல இருக்கணும், முன்னாடி ஓடுற பேரன் பைல இல்ல. நடந்த அன்னிக்கு சாயங்காலமும் சுகர் இறங்கலாம், அதனால ராத்திரி சாப்பாட்ட தள்ளிப்போடாதீங்க.

காலைல 7 மணிக்கு ஏற ஆரம்பிச்சு 10க்குள்ள இறங்கிருங்க. பாறை இடுக்குல கைய விட்டு பிடிச்சு ஏற வேண்டாம், சுருட்டை விரியன் இருக்கக்கூடிய எடம், பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க. அப்படி எதாச்சும் கடிச்சா கட்டு போடறது கீறி விடறதெல்லாம் வேண்டாம், அசையாம வச்சு 108க்கு போன் பண்ணுங்க.

வீட்டுல ரெண்டு மாடி படி ஏறுனா நெஞ்சு அடைக்குதா, மூச்சு வழக்கத்த விட ஜாஸ்தியா வாங்குதான்னு எழுதல, இருந்தா டாக்டர பாத்து இசிஜி எடுத்து, அவர் சொன்னப்புறம்தான் மலை. ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) பாத்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா பொங்கலுக்கு முன்னாடி அதையும் பாத்துட்டு, அன்னிக்கு ஒரு நாளைக்கு கிளிமிபிரைடு டோஸ் கொறைக்கணுமான்னு உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க, நீங்களா நிறுத்தாதீங்க.