வேலண்டில் சொந்த விண்டோ மேனேஜர்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-க்கு, டிடபிள்யூஎம் என்ற சிறிய விண்டோ மேனேஜர் (விண்டோக்களை அடுக்கும் புரோகிராம்) பாணியில் நானே ஒன்று எழுதி இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். அதை எக்ஸ்11-க்கு அடுத்து வந்த வேலண்டுக்கு மாற்ற எவ்வளவு நாள் ஆகும்?

பதில்: மாற்றுகிற வேலை இல்லை தம்பி, புதிதாக எழுதுகிற வேலை. எக்ஸ்11-இல் திரையும் கீபோர்டும் எக்ஸ் சர்வரின் பொறுப்பு. உங்கள் புரோகிராம் அதனிடம் பேசும் இன்னொரு கிளையன்ட்தான். அது விழுந்தாலும் திறந்திருக்கும் பிரவுசர் பிழைத்துக்கொள்ளும். வேலண்டில் சர்வர், கம்பாசிட்டர் (எல்லா விண்டோக்களின் படங்களையும் சேர்த்துத் திரையில் காட்டுவது), விண்டோ மேனேஜர் மூன்றும் பொதுவாக ஒரே புரோகிராம். அது கிராஷ் ஆனால் திறந்திருப்பவையும் பெரும்பாலும் கூடவே போய்விடும். விண்டோக்களை எப்படி அடுக்குவது என்ற கணக்கு மட்டும் உங்கள் பழைய கோடிலிருந்து அப்படியே வரும்.

கேள்வி: அப்படியானால் டிரைவர் வரை நானே எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஸ்வே என்ற கம்பாசிட்டரை உருவாக்கியவர்கள் 2017-இல் தொடங்கிய டபிள்யூஎல்ரூட்ஸ் நூலகம் திரை, லிப்இன்புட் (கீபோர்டு, மவுஸ் உள்ளீடு), எக்ஸ்வேலண்ட் (பழைய எக்ஸ்11 செயலிகளை ஓட்டுவது) ஆகியவற்றின் கடினமான பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. அதோடு வரும் மாதிரி கம்பாசிட்டரான டைனிடபிள்யூஎல் சுமார் 1000 வரிதான். ஒரு வரி விடாமல் படியுங்கள். அடுத்து டிடபிள்யூஎம் பாணியில் வேலண்டுக்கு எழுதப்பட்ட டிடபிள்யூஎல். ரஸ்ட் மொழி பிடிக்கும் என்றால் ஸ்மித்தே நூலகம் இருக்கிறது, நிரி என்ற கம்பாசிட்டர் அதன் மேல்தான் நிற்கிறது. டபிள்யூஎல்ரூட்ஸின் ஏபிஐ ஒவ்வொரு பெரிய வெளியீட்டிலும் மாறும். ஆகவே ஒரு பதிப்பைப் பிடித்துக்கொண்டு வேலையை முடியுங்கள்.

கேள்வி: சார், டைனிடபிள்யூஎல்லை எடுத்து மாற்றினேன். டெர்மினல் ஓடுகிறது, பிராசஸ் பட்டியலிலும் தெரிகிறது. திரையில் மட்டும் விண்டோ வரவே இல்லை. எர்ரரும் இல்லை.

பதில்: இதே இடத்தில் எனக்கு ஒரு வார இறுதி முழுக்கப் போனது. எக்ஸ்டிஜி-ஷெல் (சாதாரண விண்டோக்களுக்கான வேலண்ட் புரோட்டோகால்) விதிப்படி, கிளையன்ட் முதலில் படம் எதுவும் இணைக்காமல் வெறும் கமிட் அனுப்பும். 'நான் வந்துவிட்டேன், அளவு சொல்லுங்கள்' என்று அதற்குப் பொருள். நீங்கள் பதிலுக்குக் கான்ஃபிகர் (அளவைச் சொல்லும் செய்தி) அனுப்பினால்தான் அது ஒப்புதல் சொல்லிவிட்டு முதல் படத்தை வரைந்து தரும். நீங்கள் அனுப்பாவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும், நீங்களும் காத்துக்கொண்டே இருப்பீர்கள். டபிள்யூஎல்ரூட்ஸ் 0.18 பதிப்பிலிருந்து இந்த முதல் கான்ஃபிகரை அனுப்புவது உங்கள் கோடின் பொறுப்பு. கமிட் ஹேண்ட்லரில் அது முதல் கமிட்டா என்று பார்த்து, அகலம் 0, உயரம் 0 என்று அனுப்புங்கள். 'உன் விருப்பமான அளவில் வா' என்று சொன்னதாகும். டைலிங் (விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அடுக்குவது) என்றால் உங்கள் கணக்கின்படி வரும் அளவைத் தாருங்கள்.

கேள்வி: சோதிக்க ஒவ்வொரு முறையும் லாக்அவுட் செய்கிறேன். வேறு வழி?

பதில்: இப்போதுள்ள டெஸ்க்டாப்பின் டெர்மினலிலிருந்தே ஓட்டுங்கள். டபிள்யூஎல்ரூட்ஸ் அதைப் புரிந்துகொண்டு ஒரு விண்டோவுக்குள் திறக்கும்.

கேள்வி: லைட்டாக இருக்க வேண்டும் என்பதால் பார், வால்பேப்பர், லாக் ஸ்கிரீன் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?

பதில்: பாரையும் வால்பேப்பரையும் நீங்கள் வரையவே வேண்டாம். லேயர்-ஷெல் புரோட்டோகாலை ஆதரித்தால் வேபார் என்ற பாரும் ஸ்வேபிஜி என்ற வால்பேப்பர் புரோகிராமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். லாக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. முழுத்திரை விண்டோ ஒன்றைக் காட்டி மறைப்பது பூட்டு ஆகாது. செஷன்-லாக் புரோட்டோகாலைச் சேருங்கள். பூட்டிய புரோகிராம் செத்துவிட்டாலும் திரை பூட்டியே இருக்க வேண்டும், அதைக் காப்பது உங்கள் கம்பாசிட்டரின் கடமை.

கேள்வி: டைனிடபிள்யூஎல் அடிப்படையில் எழுதியதில் எஃப்சிடிஎக்ஸ்5 என்ற இன்புட் மெத்தட் (தட்டச்சை எழுத்தாக மாற்றும் செயலி) வழியாகத் தமிழ் வரவில்லை. ஏன்?

பதில்: எக்ஸ்கேபி என்ற கீபோர்டு அமைப்புத் தொகுப்பில் உள்ள தமிழ்நெட்99 அமைப்பு மட்டும் போதும் என்றால், அது எக்ஸ்கேபி-காமன் நூலகம் வழியாக உடனே வேலை செய்யும். தானாகப் புள்ளி வைப்பது, ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பது எல்லாம் இன்புட் மெத்தட் செய்கிற வேலை. அதற்கு டெக்ஸ்ட்-இன்புட், இன்புட்-மெத்தட் என்ற இரண்டு புரோட்டோகால்கள் வேண்டும். டைனிடபிள்யூஎல்லில் இரண்டும் இல்லை. நூலகம் உறுப்புகளைத் தருகிறது, இரண்டுக்கும் நடுவே தூது போவது நீங்கள். ஃபோகஸ் மாறும்போது ஒன்றை நிறுத்தி மற்றதை எழுப்ப வேண்டும். விசைகளை முதலில் எஃப்சிடிஎக்ஸுக்குக் கொடுக்க வேண்டும். தனக்கு வேண்டாத விசையை அது விர்ச்சுவல் கீபோர்டு வழியாகத் திருப்பி அனுப்பும். அதை மீண்டும் அதற்கே கொடுத்தால் முடிவில்லாமல் சுற்றும். அந்த விர்ச்சுவல் கீபோர்டு யாருடையது என்று சரிபார்த்து நேராகச் செயலிக்கு அனுப்புங்கள். ஸ்வேயின் கோடில் இந்தச் சோதனை இருக்கிறது, பார்த்து எழுதுங்கள். இதற்கு ஐந்நூறு வரி கூடினாலும் பரவாயில்லை, வேறு எதையாவது குறையுங்கள்.