சிலந்தி நரம்புக்கு ஊசி: முதலில் நின்றபடி ஒரு ஸ்கேன்

கேள்வி: எனக்கு வயது 41. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் 14 வருடமாகப் புடவைப் பிரிவில் வேலை. காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரை நிற்பதுதான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிவப்பும் நீலமுமாக வலை மாதிரி நரம்பு தெரிய ஆரம்பித்து, இப்போது நன்றாகப் பரவிவிட்டது. பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. இடது கெண்டைக்காலில் ஒரு நரம்பு புடைத்து வளைந்து ஓடுகிறது. சாயங்காலம் பாதம் வீங்கும், கணுக்காலுக்கு மேலே கறுத்து அரிக்கவும் செய்கிறது. ஷேர் ஆட்டோவில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஓர் அழகு கிளினிக்குக்குப் போனேன். காலைப் பார்த்ததுமே, "ஊசி போட்டால் வலை மொத்தமும் மறைந்துவிடும், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்றார்கள். இன்னும் கட்டவில்லை. "அழகுக்காக எதுக்கு ஊசி?" என்கிறார் வீட்டுக்காரர். நரம்பில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று நாத்தனார் பயமுறுத்துகிறார். போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, முன்பணம் கட்டாமல் வந்தீர்களே, நல்ல வேலை செய்தீர்கள். இப்போதைக்குக் கட்டவும் வேண்டாம்.

வலையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, கணுக்கால் கறுத்து அரிப்பதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. தொடையில் தெரியும் மெல்லிய வலை, அதாவது சிலந்தி நரம்பு, பெரும்பாலும் பார்வைக்குத்தான் தொல்லை. கணுக்கால் தோல் நிறம் மாறுவது அப்படியில்லை. உள்ளே அழுத்தம் ஏறி ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

பாதத்தில் இருக்கும் ரத்தம் இதயத்துக்கு மேலேறிப் போகவேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் பிழிகிற வேலை நின்றுபோகும். பிள்ளைப்பேறும், அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வருகிற வாகும் சேர்ந்துகொண்டால் வால்வு தளர்ந்து ரத்தம் கீழே தேங்கும். தேங்கிய ரத்தத்தின் சிவப்பணுக்கள் தோலுக்குள் கசியும். அவற்றிலுள்ள இரும்புச்சத்துதான் கணுக்காலில் அந்தக் கறுப்பாகப் படிகிறது. மருத்துவர்கள் இதைப் படிப்படியாகக் குறிப்பார்கள்: வலை மட்டும் என்றால் சி1, புடைத்த நரம்பு சி2, வீக்கம் சி3, தோல் கறுத்து அரிப்பு வந்தால் சி4. அதற்கு மேலே போனால் ஆறாத புண். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சி4-க்கு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்யவேண்டும்.

சரி, ஊசிக்கு வருவோம். அது ஏமாற்று வேலை கிடையாது. ஸ்கிளிரோதெரபி என்று பெயர், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்பேட் என்ற மருந்தை மிக மெல்லிய ஊசியால் அந்தக் குழாய்க்குள்ளேயே செலுத்துவார்கள். மருந்து குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும். சுவர் ஒன்றோடொன்று ஒட்டி, குழாய் மூடிக்கொள்ளும். அப்புறம் உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ரத்தம் பக்கத்து நல்ல குழாய்கள் வழியே போய்விடுவதால் காலுக்கு நஷ்டமில்லை. பாலிடோகனால் முதலில் மரத்துப்போக வைக்கும் மருந்தாக உருவானது என்பதால் எரிச்சலும் குறைவுதான். படுக்கவைத்துப் போடுவார்கள், சுருக் சுருக்கென்று இருக்கும். போட்ட நிமிஷமே சில இடங்களில் சிவப்பு வெளுத்துப்போவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்து மயங்கவேண்டாம், உண்மையான பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒரே தடவையில் முடியாது. நாலு முதல் ஆறு வாரம் வரை இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறையாவது போடவேண்டி வரும். பெரிய நரம்பு என்றால் அதே மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செலுத்துவார்கள்.

அப்படியானால் அந்தக் கிளினிக்கில் என்ன கோளாறு? ஸ்கேன் எடுக்காமல் விலை பேசியதுதான். மொட்டைமாடித் தொட்டியில் வால்வு ஒழுகும்போது கீழே ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்தால் எத்தனை நாள் தாங்கும்? தொடையின் மேல்பகுதியில் பெரிய குழாயின் வால்வு கசிந்துகொண்டிருந்தால், கீழே வலைக்கு மட்டும் போடுகிற ஊசியும் அப்படித்தான். புது வலை முளைக்கும், மறுபடி பணம் கேட்பார்கள்.

எடுக்கவேண்டியது டாப்ளர் ஸ்கேன், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன். இரண்டு காலுக்கும், நின்ற நிலையில். படுக்கவைத்து மட்டும் எடுத்தால் கசிவு சரியாகத் தெரியாது. ஒரு படிமேல் ஏறி நிற்கச் சொல்வார்கள். உடம்பு பாரத்தை மற்ற காலில் போட்டு, பார்க்கவேண்டிய காலைத் தளர்த்திக்கொள்ளவேண்டும். தொடை இடுக்கில் ஜெல் தடவிக் கருவியை வைத்து, கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்து விடுவார்கள். பிடிக்கும்போது ரத்தம் மேலே பாய்வது திரையில் ஒரு நிறமாகத் தெரியும். விட்டதும் அது அடங்கிவிட்டால் வால்வு சரி. வேறு நிறத்தில் கீழே திரும்பி, அரை விநாடிக்கு மேல் ஓடினால் கசிவு. வலி கிடையாது. ஒரு காலில் நிற்பதுதான் சிரமம்.

பெரிய குழாயில் கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்கவேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டியில் லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் குழாயை மூடுவதுதான் முதல் தேர்வு. அது ஒத்துவராதவர்களுக்கு நுரை ஊசி, அதுவும் ஆகாது என்றால் அறுவைச் சிகிச்சை. இங்கும் பல மருத்துவர்கள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறார்கள். வலைக்கான ஊசி கடைசியில் வரும். கசிவே இல்லையென்றால் நேராக ஊசிக்குப் போகலாம், தடையில்லை.

நாத்தனாரிடம் சொல்லுங்கள், இந்த ஊசியால் கால் விளங்காமல் போவதில்லை. நாம் நரம்பு என்று சொன்னாலும் ஊசி போவது ரத்தக்குழாய்க்குள். ஆனால் தொந்தரவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஊசி போட்ட தடத்தில் பழுப்புக் கோடு விழுவது சகஜம், நம் மாநிறத்தில் கூடுதலாகவே தெரியும். பலருக்குச் சில மாதத்தில் மங்கும், சிலருக்கு ஒரு வருடம் இழுக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் புதிதாக இன்னும் மெல்லிய சிவப்பு நரம்புகள் பூப்பதும் உண்டு. மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தால் தோல் புண்ணாகும். ஒவ்வாமையும், ஆழத்து நரம்பில் ரத்தக்கட்டும் அபூர்வம், ஆனால் வரலாம். நுரை ஊசிக்குப் பின் கொஞ்ச நேரம் பார்வை மங்குவது, தலைவலி சிலருக்கு வரும். கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடாது. முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ளவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். அதனால்தான் ஊசி போடுகிறவர் யார், என்ன படித்தவர் என்று கேளுங்கள் என்கிறேன். அழகு நிலையத்தில் அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பதில் சொல்லாமல் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. காலை மறைத்து மறைத்து நடப்பவருக்கு அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அழகுக்காகவே என்றாலும் அதில் தப்பென்ன?

எங்கே போவது? உங்கள் வீட்டிலிருந்து பக்கம் ஸ்டான்லிதான். அறுவைச் சிகிச்சைப் புறநோயாளர் பிரிவில் வெரிகோஸ் வெயின், அதாவது புடைத்த நரம்பு, என்று சொல்லிக் காட்டுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. அதற்கு முன் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ என்று, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்காக, நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடித்திருந்தால் உங்களுக்கு அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையும் உண்டு. மாதாமாதம் பணம் பிடித்தும் அந்த வாசலை மிதிக்காதவர்கள் கடைத்தெருவில் நிறையப் பேர். புடைத்த நரம்புக்கான சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்க வாய்ப்புண்டு, விசாரியுங்கள். வலைக்கு மட்டும் போடும் ஊசியை அழகுச் சிகிச்சை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள்.

அதுவரை செய்யவேண்டியவை சில. அழுத்தக் காலுறை, அதாவது கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங், மருத்துவர் சொல்லும் அளவில் வாங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் மாட்டுங்கள். சாயங்காலம் வீங்கிய காலில் அளவெடுத்தால் தப்பாகிவிடும். முழங்கால் வரை உள்ளதே பலருக்குப் போதும், புடவைக்குள் தெரியாது. மே மாதத்தில் வேர்த்துக் கொட்டும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சர்க்கரை இருந்தால் முதலில் பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். காலுக்கு வரும் ரத்தமே குறைவு என்றால் இறுக்கமான காலுறை ஆபத்து. புடைத்த நரம்பை எண்ணெய் தேய்த்து உருவிவிட யாரையும் விடாதீர்கள். கணுக்காலைச் சொறியாமல், தோல் காயாதபடி தேங்காய் எண்ணெயோ வாசலினோ மெல்லத் தடவுங்கள்.

கடையில் உட்கார இடம் கேளுங்கள். கெஞ்சிக் கேட்கவேண்டியதில்லை, சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவு, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்திருக்கவேண்டும் என்கிறது. நாலைந்து பெண்களாகச் சேர்ந்து மேனேஜரிடம் பேசினால் சங்கடம் குறையும். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போதுகூடப் புடவையை விரித்துக்கொண்டே குதிகாலை ஏற்றி இறக்கலாம், யாருக்கும் தெரியாது. கெண்டைக்கால் தசைக்கு அந்த வேலை போதும். ராத்திரி தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துப் படுங்கள்.

புடைத்த நரம்பு எங்காவது இடித்தோ சொறிந்தோ கிழிந்தால் ரத்தம் பீச்சியடிக்கும். பதறி நிற்காமல் உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மேலே கயிறு கட்டவேண்டாம். நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, அதோடு மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கு ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.