தேத்தண்ணி கேட்டவள் ஏன் திரும்பவும் மயங்கினாள்?

கேள்வி: என் தங்கச்சிக்கு 22 வயது. வலிப்புக்குக் கார்பமசெப்பின் குளிசை போடுகிறவள். ஞாயிறு இரவு ஒரே தடவையில் நிறைய விழுங்கிவிட்டாள். தெரிந்தா, தெரியாமலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நிலாவெளியிலிருந்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடுத்த நாள் பின்னேரம் எழும்பித் தேத்தண்ணி கேட்டாள், கதைத்தாள். இரவு திரும்பவும் மயக்கம். பிழையாக ஏதும் கொடுத்துவிட்டார்களா? ஏன் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள்?

பதில்: பிழையான மருந்து கொடுத்துத்தான் இப்படி ஆக வேண்டும் என்றில்லை. இந்தக் குளிசையின் குணமே அது.

கார்பமசெப்பின் தண்ணீரில் இலேசில் கரையாது. அதிகமாகப் போனால் குடலின் அசைவையும் மந்தமாக்கிவிடும். அதனால் விழுங்கியதில் ஒரு பகுதி வயிற்றிலேயே தங்கிவிடுகிறது, சில நேரம் கட்டியாகவும் சேர்ந்துவிடும். ஆள் கொஞ்சம் தெளிந்து குடல் அசையத் தொடங்கியதும், தங்கியிருந்தது இரத்தத்துக்குள் இறங்குகிறது. திரும்பவும் மயக்கம். டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்பதைக் கண்டிருப்பீர்கள். குடல் சத்தம் வருகிறதா என்றுதான் பார்க்கிறார்.

குளிசை இருந்த வெறும் அட்டையை எறிந்துவிட்டீர்களா? குப்பையில் தேடியாவது எடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'சீ.ஆர்.' (CR) என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். எவ்வளவு நேரம் கவனித்திருக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு எழுத்தே மாற்றிவிடும்.

இனி இரத்தம். வழக்கமாக அதில் இந்த மருந்து லீற்றருக்கு 4 முதல் 12 மி.கி. வரை இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஆழ்ந்த மயக்கம், மூச்சுத் தளர்ச்சி, இதயத் துடிப்பில் கோளாறு, ஏன், வலிப்பே கூட வரலாம். ஆனால் ஒரு தடவை எடுத்த அளவை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கிணற்றில் பாதியில் நிற்கும் வாளியைப் படம் பிடித்தால், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று படத்தில் தெரியாதே. அதனால்தான் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுக்கிறார்கள். அளவு தொடர்ந்து இறங்க வேண்டும், ஆள் தெளிவாக இருக்க வேண்டும், இதயத் துடிப்பைப் பதியும் ஈசீஜி சரியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு விடும் பேச்சு. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தப் பெறுபேறு அன்றைக்கே கைக்கு வராது. அப்போது ஆளையும் ஈசீஜியையும் பார்த்தே முடிவெடுப்பார்கள். வயிற்றில் உள்ள மருந்தை உறிஞ்சக் கரித்தூள் கரைசல் கொடுத்திருந்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

வேறு வலிப்புக் குளிசை என்றால் கதை வேறு. வல்ப்ரோவேட் என்றால் இரத்தத்தில் அமோனியாவையும் பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மூளை வீங்கக்கூடும், இரத்த அணுக்களும் பிந்தித்தான் குறையும். பெனிட்டோயின் என்றால் உடம்பை விட்டுப் போக நாட்கள் எடுக்கும். அதுவரை நடை தள்ளாடும், பாத்ரூமுக்குத் தனியே விடக்கூடாது.

தங்கச்சி அரைமயக்கத்தில் தேத்தண்ணி கேட்டாலும் நர்ஸ் சொல்லாமல் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வழக்கமான குளிசையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நீங்களாக அடியோடு நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று நின்றாலும் வலிப்பு வரும்.

இன்னொன்று. 'ஏன் போட்டாய்' என்று வார்ட்டில் வைத்து விசாரணை வேண்டாம். வீட்டுக்கு வரும் முன் மனநல டொக்டர் ஒருவர் அவளோடு தனியாகக் கதைக்க வேண்டும். அதை நீங்களே கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மனம் சரியில்லை என்றால் மனநல உதவி இலக்கமான 1926-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டில் மிச்சமுள்ள அட்டைகளை இன்றைக்கே உங்கள் பொறுப்பில் எடுத்துப் பூட்டி வையுங்கள். கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத் தந்தாலும், அந்தந்த வேளைக்குரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.