கருப்பு கூடினால் சூடு குறையுமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் 14வது மாடி கொண்டோவில் இருக்கிறோம். ஹால் கண்ணாடி மேற்கே பார்த்தது. மாலை நான்கு மணிக்கு சோபாவில் உட்கார முடியவில்லை. கண்ணாடியில் ஒட்டும் டின்ட் ஃபிலிமில் இருப்பதிலேயே கருப்பானதைப் போடச் சொல்கிறார் கடைக்காரர். வீடு குகை மாதிரி ஆகிவிடும் என்கிறார் மாமியார். எதைப் போடலாம் ஐயா?

பதில்: நான் உங்கள் மாமியார் பக்கம்தான். டின்ட்டின் கருப்பு, வெளிச்சம் எவ்வளவு உள்ளே வரும் என்பதைத்தான் காட்டும். கடையில் இதை விஎல்டி என்பார்கள். 20 என்றால் நூற்றில் 20 பங்கு வெளிச்சம் வரும். சூடு எவ்வளவு தடுபடும் என்பது வேறு கணக்கு. அதற்கு டிஎஸ்இஆர் எண்ணைக் கேளுங்கள். வெயிலின் மொத்தச் சூட்டில் எத்தனை சதவீதம் தடுபடும் என்பதை அது காட்டும், அது கூடுதலாக இருக்க வேண்டும்.

வெயிலின் சூட்டில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. நல்ல செராமிக் ஃபிலிம் வெளிறிய நிறத்திலேயே அதைத் தடுக்கும். மலிவான சாய ஃபிலிமோ வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைச் சுட வைக்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஹாலுக்குள்தான் வரும். கடையில் சூட்டு விளக்கைப் போட்டு, “கை வச்சுப் பாருங்க, 99 சதவீதம் தடுக்குது” என்பார்கள். அது அகச்சிவப்புக்கு மட்டுமான கணக்கு. அதை நம்பி வெள்ளியை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

மேற்கு ஹாலுக்கு விஎல்டி 35 போதும் என்பது என் கருத்து. நேர் வெயில் படாத ஜன்னலுக்கு 50, அல்லது ஒன்றுமே வேண்டாம். இருப்பதிலேயே கருப்பைப் போட்டால் பகலிலும் விளக்கு எரியும், பில்லும் ஏறும். கார் டின்ட்டுக்குத்தான் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதி. வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கொண்டோவில் வெளித்தோற்றம் மாறினால் மேனேஜ்மென்ட் கேள்வி கேட்கும். குறிப்பாக, முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னும் ஃபிலிம் என்றால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மின்னுவதால் மறைப்பு கிடைக்கும் என்பதும் பகலுக்கு மட்டும்தான். இரவில் உள்ளே விளக்கு போட்டால் எதிர் பிளாக்கிலிருந்து எல்லாம் தெரியும், திரைச்சீலையைக் கழற்றிவிடாதீர்கள்.

அப்புறம், உங்களுடையது இரட்டைக் கண்ணாடியா என்று பாருங்கள். பொருந்தாத ஃபிலிம் ஒட்டினால் சூடேறி விரிசல் விழலாம். அப்படி விழுந்தால் யார் பொறுப்பு என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

முன்பணம் கட்டுமுன் இரண்டு மூன்று ஃபிலிம் துண்டுகளைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டி, மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை, இரவு எட்டுக்கு ஒருமுறை பாருங்கள். மாமியாரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.