கேளுங்கள், சொல்கிறேன்: அம்மா வீட்டு ஜன்னல்

அண்ணா, அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகள், அங்கே வயதானவர்கள் வீட்டில் பழைய ஜன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட அரசாங்கமே பணம் கொடுக்கிறது என்கிறாள். இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் என் அம்மா தனியாக இருக்கிறார், வயது 74. எல்லாம் இரும்புச் சட்ட ஜன்னல், ஜூலை மாதக் குளிர்கால ராத்திரியில் வீடு ஐஸ் பெட்டிதான். இங்கே அப்படி ஏதாவது உண்டா?
- வாசகி, லெனேசியா

சித்தி மகள் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிக்கதை. அங்கே விவசாயத் துறை நடத்தும் ‘504’ திட்டத்தில், கிராமப்புறத்தில் சொந்த வீட்டில் இருக்கும் 62 வயது நிரம்பிய, வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு, ஆபத்தான குறைகளைச் சரிசெய்ய, வாழ்நாளுக்கும் சேர்த்து 10,000 டாலர் வரை கிடைக்கும். மூன்று வருடத்துக்குள் வீட்டை விற்றால் திருப்பிக் கட்ட வேண்டும். இன்னொன்று 1976-ல் வந்த ‘வெதரைசேஷன்’, குளிரும் வெயிலும் புகாதபடி வீட்டைச் சரிசெய்து கொடுக்கும் திட்டம். குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசம், 60 தாண்டியவர்களுக்கு முன்னுரிமை. ஆனால் சோதனைக்கு வருபவர் எடுத்த எடுப்பில் ஜன்னலில் கை வைக்க மாட்டார். காற்று புகும் சந்துபொந்தை அடைப்பது, சீலிங்குக்கு மேல் பஞ்சு விரிப்பது, இவைதான் முதலில். ஜன்னலில் போட்ட காசு கரண்ட் பில்லில் திரும்பி வர ரொம்ப வருடமாகும்.

இங்கே ஜன்னலுக்கென்று அரசு மானியம் கிடையாது. 2011-ல் வந்த சான்ஸ் 10400-எக்ஸ்ஏ, அதாவது கட்டடத்தில் எரிசக்தியை மிச்சப்படுத்தும் விதி, புதிதாகக் கட்டுபவர்களுக்கு. 2023-ல் சோலார் பேனலுக்கு 15,000 ராண்ட் வரை வரிச்சலுகை தந்தார்கள், ஒரே வருடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதுவும் வருமான வரி கட்டுபவர்களுக்கு. அரசின் சாசா உதவித்தொகையில் காலம் தள்ளும் கிழவிக்கு அதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! ஜோஹன்னஸ்பர்க் மாநகராட்சி பென்ஷன்காரர்களுக்கு, வயதையும் வருமானத்தையும் பார்த்து, சொத்து வரியில் தள்ளுபடி தருகிறது. வீடு அம்மா பெயரில் இருந்தால் முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள், அதில் மிச்சமாவதை ஜன்னலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி. காற்றடிக்கும் சாயங்காலம் பார்த்துக் கொளுத்தி, ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். என் வீட்டில் செய்தபோது படுக்கையறை ஜன்னலின் கீழ்மூலையில் புகை சட்டென்று உள்பக்கம் மடங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தேன், கண்ணாடியைப் பிடித்திருந்த புட்டி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பழையதைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, புதுப் புட்டி வைத்து, மூடும் இடத்தில் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினேன். ஒரு சனிக்கிழமை வேலை. அத்தோடு சீலிங்குக்கு மேல் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் புது ஜன்னலுக்கு வைத்த பணத்தை அங்கே போடுங்கள், ஏனென்றால் சூடு மேலே ஏறித்தான் போகிறது. இந்த நாட்டில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருகிறது. பகலில் வடக்குத் திரையைத் திறந்து வைத்து நாலு மணிக்கு இழுத்து மூடச் சொல்லுங்கள். (இந்தியாவில் அச்சடித்த வாஸ்து புத்தகம் இதற்கு உதவாது.)

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காற்று வந்துபோகச் சுவரில் மேலே வைத்திருக்கும் ஏர் பிரிக் ஓட்டையை அடைக்காதீர்கள். அம்மா கேஸ் ஹீட்டரோ பாரஃபின் ஹீட்டரோ வைத்திருந்தால், அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

டர்பனில் முதியோருக்கான ஒரு குடியிருப்பில் சொந்த ஃபிளாட். கடல் காற்றில் ஜன்னல் சட்டமெல்லாம் துரு. என் செலவிலேயே அலுமினியம் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், டர்பன்

செக்‌ஷனல் டைட்டில் (ஃபிளாட் உங்களுக்கு, கட்டடத்தின் மற்ற பகுதி எல்லோருக்கும் பொது) என்றால் அவசரப்படாதீர்கள் ஐயா. சட்டப்படி உங்கள் எல்லை சுவர், ஜன்னல் இவற்றின் நடுக்கோட்டோடு முடிகிறது, வெளிப்பாதி பொதுச் சொத்து. ஆகவே ஃபிளாட் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த பாடி கார்ப்பரேட்டிடம் நிறம், மாடல் உட்பட எழுத்தில் அனுமதி கேளுங்கள், செலவில் அவர்கள் பங்கு எவ்வளவு என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மாடிப்படியில் பார்த்த டிரஸ்டி, அதாவது அதன் நிர்வாகி, “போடுங்க அங்கிள்” என்றதெல்லாம் அனுமதி ஆகாது.